சுங்கை சிப்புட் மாநாட்டுக்கு வருவோர் தங்கவும் காரை நிறுத்தவும் ஊரைப் பார்க்கவும்

சுங்கை சிப்புட்டில் நடக்கும் மாநாட்டுக்கோ கருத்தரங்குக்கோ வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈப்போவில் அறை எடுத்துத் தங்கி, காலையில் நேரே மண்டபத்துக்கு வந்து, மாலைத் தேநீர் முடிந்ததும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். தோட்டத் தமிழர்களின் வரலாற்றைப் பற்றி இரண்டு நாள் பேசிவிட்டு, அந்த வரலாறு நடந்த மண்ணில் ஒரு காலைப் பொழுதுகூட நடக்காமல் போகிறவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஏற்பாட்டுக் குழுக்களில் தங்குமிடத்தையும் வாகன நிறுத்தத்தையும் பல முறை கவனித்தவன் என்ற முறையில், வருகிறவர்கள் ஓர் இரவேனும் இவ்வூரில் தங்கி ஒரு விடியற்காலையை இங்கே செலவிட வேண்டும் என்ற விருப்பத்தோடு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

வந்து சேரும் வழி

ஊரின் பெயரை முதலில் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மலாக்காவிலும் சுங்கை சிப்புட் என்றோர் இடம் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் உத்தாரா, அதாவது வடக்கு எனப்படும். இதன் அஞ்சல் குறியீடு 31100. கைப்பேசியில் வழி தேடும்போது ‘உத்தாரா’வைச் சேர்த்துத் தட்டினால் வேறு மாநிலத்துக்கு வண்டியைத் திருப்பும் சங்கடம் நேராது.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஈப்போவைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப்பாதை வழியாக மலையைக் கடந்து கோலகங்சாருக்குப் போய்விடுகிறது. எங்கள் ஊர் பழைய முதலாம் கூட்டரசுச் சாலையில்தான் இருக்கிறது. ஆகவே கோலாலம்பூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஜெலாப்பாங்கில் உள்ள ஈப்போ உத்தாரா டோல் சாவடியில் வெளியேறி, செம்மோர், கந்தான் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வர வேண்டும். பினாங்கு, கெடா பக்கமிருந்து வருகிறவர்கள் கோலகங்சாரில் வெளியேறித் தெற்கு நோக்கி அரை மணி நேரம் ஓட்டினால் போதும். கந்தானில் சிமெண்டு ஆலை இருப்பதால் அந்தச் சாலையில் கனரக லாரிகள் வரிசையாகப் போகும்; அவசரப்பட்டு முந்த முயலாமல், தொடக்க விழாவுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிப் புறப்படுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பேராக்கில் சனியும் ஞாயிறும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை அமர்வில் பேச இசைந்த கெடா ஆசிரியர்கள் முன்கூட்டியே விடுப்புக்கு எழுதிவிட வேண்டும். இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் வர இயலாமற்போனவர்கள் உண்டு.

காரை ஓட்ட விரும்பாதவர்களுக்கு ரயில் மிக வசதியானது. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து மின்ரயிலில் ஈப்போவுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்கு அடுத்த சிறு ஓட்டத்தில் எங்கள் ஊர் நிலையம் வந்துவிடும். ஆனால் எல்லா வண்டிகளும் இங்கே நிற்பதில்லை. சீட்டு எடுக்கும்போது இறங்கும் நிலையமாகச் சுங்கை சிப்புட்டையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்; அந்த நேரத்தில் வண்டி கிடைக்காவிட்டால் ஈப்போவில் இறங்கி, கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகைக் காரான கிராப் எடுத்து வரலாம். ஈப்போவில் நினைத்தவுடன் கிடைக்கும் கிராப், இரவு ஒன்பது மணிக்குமேல் எங்கள் ஊரில் வெகுநேரம் காத்திருக்க வைக்கும். இரவு விருந்து முடிந்து ஈப்போவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் கார் வைத்திருக்கும் ஒருவரோடு அன்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே தங்குவது

இது பெருநகரம் அன்று. பல மாடித் தங்கும் விடுதிகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இவ்வூரில் கிடைப்பவை இரண்டே வகை. ஒன்று, கடைத்தெருவில் கடைகளின் மேல்மாடியில் நடத்தப்படும் சிறு விடுதி. மற்றொன்று, குடியிருப்புத் தாமான்களில் முழுவீடாக வாடகைக்கு விடப்படும் ஹோம்ஸ்டே. தனியாகவோ இருவராகவோ வருகிறவர்களுக்குச் சிறு விடுதி போதும். அதை எடுக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: அறைக்குச் சன்னல் உண்டா, மின்தூக்கி உண்டா, இரவு எத்தனை மணிவரை முகப்பில் ஆள் இருப்பார். மாடிப்படி செங்குத்தாக இருக்கும் கட்டடங்கள் பல. முழங்கால் வலியுள்ள மூத்த பேராளர்களை அங்கே தங்க வைப்பது முறையன்று.

குடும்பமாகவோ ஒரே ஊரிலிருந்து ஐந்தாறு பேராகவோ வந்தால் ஹோம்ஸ்டேயே சிறந்தது என்பது என் கருத்து. மூன்று அறை வரிசை வீட்டில் எட்டுப் பேர் படுக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். எட்டுப் பேருக்குக் குளியலறை எத்தனை என்பதை அது சொல்லாது. காலை எட்டரைக்குப் பதிவு தொடங்கும் நாளில், ஒரே குளியலறை உள்ள வீட்டில் எட்டுப் பேர் ஆயத்தமாக வேண்டுமானால் முதலாமவர் ஐந்து மணிக்கே எழுந்தாக வேண்டும். எனவே ஒரு குளியலறைக்கு நான்கு பேர் என்று கணக்கிட்டு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். சமையல் செய்யலாமா என்பதையும், எவற்றைச் சமைக்கக் கூடாது என்பதையும் உரிமையாளரிடம் முன்னதாகக் கேளுங்கள். மலாய்க்காரர் வீடாக இருந்தால் பன்றி இறைச்சியும் மதுவும் உள்ளே வரக் கூடாது. சைவ இந்துக் குடும்பத்தின் வீடாக இருந்தால் அசைவமே கூடாது எனச் சொல்லக்கூடும். அந்த வீட்டில் தங்கும் நாள்வரை அவர்களுடைய ஒழுங்கே நம் ஒழுங்கு.

முன்பதிவை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளத் தவறாதீர்கள். ஒரு முறை நான் தொலைபேசியில் மட்டும் சொல்லி வைத்திருந்த நான்கு அறைகளில் இரண்டைத் திருமண வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்கள்; ஜொகூரிலிருந்து இரவு பதினொன்றுக்கு வந்திறங்கிய இரண்டு ஆசிரியைகளை என் தமக்கை வீட்டில் தங்க வைத்தேன். அன்றிலிருந்து, முன்பணம் கட்டிய ரசீதைக் கையில் வாங்காமல் எந்த அறையையும் நான் உறுதி என்று யாருக்கும் சொல்வதில்லை.

நீச்சல் குளமும் காலை உணவுக் கூடமும் உள்ள விடுதிதான் வேண்டுமென்றால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் அங்கே வாடகை ஏறிவிடும். ஆகவே மாநாட்டுத் தேதி தெரிந்த அன்றே அறையைப் பிடித்துவிடுங்கள். அமைதியை விரும்புகிறவர்கள் கோலகங்சாரையும் நினைத்துப் பார்க்கலாம்; அது ஈப்போவைவிடச் சற்று அருகில், பேராக் ஆற்றங்கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள், விடுதி அறை வாடகையோடு வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரியாக ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் தனியே கேட்கப்படும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அது ஏமாற்று அன்று, 2017 முதல் நடப்பில் உள்ள வரி. தமிழ்நாட்டார் தங்கள் மின்னேற்றிக்குச் சதுர முனை கொண்ட மூன்று கால் செருகிக்கு ஏற்ற மாற்றி ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

காரை எங்கே விடுவது

மாநாட்டுக்கு வந்தவர்கள் ஊராரின் மனத்தாங்கலைச் சம்பாதித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான். கடைத்தெருவில் கோடு போட்ட கட்டண நிறுத்துமிடங்கள் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை. அங்கே நிறுத்தினால் அறிவிப்புப் பலகையைப் படித்து அதற்குரிய கட்டணத்தைச் செலுத்திவிடுங்கள். ஆனால் நாள் முழுதும் அமர்வில் இருக்கப்போகிறவர் கடை வாசலில் காரை விடவே கூடாது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஒரு பலசரக்குக் கடையின் முன் நின்ற கார், அன்று அரிசி மூட்டை வாங்க வந்தவரை அடுத்த கடைக்கு அனுப்பிவிடுகிறது. இரட்டை மஞ்சள் கோடு போட்ட ஓரத்தில், எல்லாரும் நிறுத்தியிருக்கிறார்களே என்று நீங்களும் நிறுத்த வேண்டாம். இரவுச் சந்தை கூடும் தெருவில் பிற்பகலில் காரை விட்டுச் சென்றால், மாலையில் அதைச் சுற்றிலும் கூடாரங்கள் எழும்பிவிடும். பத்து மணிக்குச் சந்தை கலையும்வரை எடுக்க இயலாது. எந்தக் கிழமை, எந்தத் தெரு என்பதைத் தங்குமிடத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு உரிய நிறுத்துமிடம் நிறைந்துவிட்டால் ஏற்பாட்டுக் குழுவினர் பக்கத்துத் திடலைத் திறந்து விடுவார்கள். வெயில் நாளில் அது நல்ல இடம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மழை வெளுத்து வாங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதக் கூட்டத்தன்று, திடலில் வண்டிகளை நெருக்கமாக வரிசைப்படுத்தியவர்களுள் நானும் ஒருவன். மூன்று மணிக்குத் தொடங்கிய மழை ஐந்துக்குத்தான் விட்டது. முதலில் கிளம்பிய காரின் முன்சக்கரம் சுழலச் சுழலப் புல் கிழிந்து, அடியிலிருந்த செம்மண் குழைந்து, அரைச் சக்கரம் உள்ளே போய்விட்டது. அதற்குப் பின்னால் நின்ற பதினேழு வண்டிகளும் அசைய முடியவில்லை. அருகிலிருந்த தோட்டத்திலிருந்து டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தபோது இருட்டிவிட்டது. மேடையில் சிறப்புரை ஆற்றிய பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்ததை நான் மறக்கவே மாட்டேன். அதனால் சொல்கிறேன்: வானம் கறுத்திருந்தால் திடலில் தார்ச்சாலையை ஒட்டிய முதல் வரிசையிலேயே, முகப்பு வெளிப்பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் ரயில் நிலையத்தின் பக்கமோ வேறு தார்த்தளத்திலோ நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். இவ்வூரில் எதுவும் எட்டாத தூரத்தில் இல்லை.

ஹோம்ஸ்டேயில் தங்குகிறவர்களுக்கு ஒரு சொல். வரிசை வீட்டின் முன்கூடத்தில் ஒரு கார்தான் நிற்கும். இரண்டாவது கார் தெருவில் நிற்கும்போது பக்கத்து வீட்டுக் கதவை மறைக்கும். அந்த வீட்டுக்காரர் விடியற்காலை ஐந்துக்கு வேலைக்குக் கிளம்புகிறவராக இருக்கலாம். போனதும் அவரிடம் ஒரு வணக்கம் சொல்லி, கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ‘ஐயா, வண்டி இடைஞ்சலாக இருந்தால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் அவரே தம் வீட்டோரத்தில் இடம் காட்டுவார்.

தோட்டப் பாதையில் காரை ஓரங்கட்டுவது இவை எல்லாவற்றையும்விடக் கவனமாகச் செய்ய வேண்டியது. வெட்டிய செம்பனைக் குலையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள்; நேரம் கடந்தால் பழத்தின் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறைந்துவிடும். ஆகவே குலை ஏற்றும் லாரியும் டிராக்டரும் ஓய்வு நாளிலும் ஓடக்கூடும். இரண்டு சக்கரத் தடம் மட்டுமே உள்ள பாதையில் படம் எடுப்பதற்காக நிறுத்திய ஒரு கார், அன்றைய வெட்டுக்காரர்களின் உழைப்பைத் தடுத்துவிடும்.

எவற்றைப் பார்ப்பது

மாநாட்டின் இடைவேளையில் நடந்தே போகக்கூடிய இடம் மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி. மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று எழுப்பிய இப்பள்ளியை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். சம்பந்தன் 1919 ஜூன் 16 அன்று இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வரும் நிலை ஏற்பட்டபோது, தோட்டம் தோட்டமாகச் சென்று மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) சேமிக்கச் சொல்லி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பாலெடுத்தவர்களே தோட்டத்துக்கு உரிமையாளர் ஆகலாம் என்ற எண்ணம் வேரூன்றியது அவரால்தான். பள்ளிக்குள் போக வேண்டுமானால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டி அனுமதி பெறுங்கள். மாணவர்கள் வகுப்பில் இருக்கும்போது கூட்டமாக நுழைந்து படம் எடுப்பது கூடாது.

அதே ஜூன் 16, 1948ஆம் ஆண்டில், சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்த அன்று, ஊரை ஒட்டிய எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுமைக்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து மக்கள் முள்வேலிக்குள் வாழ்ந்ததையும், அரிசியைக் கட்டுப்பாடாக வாங்கியதையும் சொல்லக்கூடிய முதியவர்கள் இப்போது மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். மாநாட்டில் அப்படி ஒருவரைச் சந்தித்தால், மற்ற இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் அருகில் உட்காருங்கள்.

எல்பில், டோவன்பி, ஹேவுட், கமுனிங் என்று எங்கள் ஊரைச் சூழ்ந்த தோட்டங்களின் பெயர்களைப் பேராளர்கள் பலர் தம் பாட்டன் பாட்டி வாயிலாகக் கேட்டிருப்பார்கள். அங்கே போக விரும்பினால் அவை தனியார் நிலம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வாயிலில் காவலரிடம் சொல்லி, அலுவலகத்தின் அனுமதி பெற்ற பிறகே உள்ளே செல்ல வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று உள்ளூர்க்காரர் ஒருவரோடு போனால் எளிதாக இருக்கும். பெரும்பகுதி இன்று செம்பனைதான். பால்மரம் இன்னும் நிற்கும் இடத்தை உள்ளூர் நண்பர் அறிந்து அழைத்துப் போனால், மழை பெய்யாத இரவுக்கு மறுநாள், விடிவதற்கு முன்பே சென்றுவிடுங்கள். வெட்டுக்காரர் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முதல் நாள் காய்ந்த பாலை நாடாவாக உரித்து எடுப்பார். பிறகு கத்தியை மரத்தின் சரிவான கோட்டில் வைத்து இழுப்பார். பட்டையில் காகிதக் கனத்துக்குத்தான் சீவல் வரும். கத்தி நகர்ந்த இடத்திலெல்லாம் வெள்ளைப் பொட்டுகள் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோட்டின் வழியே இறங்கித் தகரத்தில் தயங்கி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்குள் முதல் சொட்டு விழும். அந்த நேரத்தில் அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கூலி. கொசுக்கடிக்கு முழுக்கைச் சட்டையும், அட்டைக்குக் காலுறையோடு மூடிய காலணியும் அணிந்து போக வேண்டும்.

அரை நாள் கிடைத்தால் கோலகங்சாருக்குப் போகலாம். 1917இல் கட்டி முடிக்கப்பட்ட உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும். கரையில் சாயோங் குடுவை என்னும் கருநிற மண்கூசாக்களை வாங்கலாம். அதில் ஊற்றி வைத்த நீர் குளிர்ந்திருக்கும். கராயில் பேராக் ஆற்றின் மேல் நிற்கும் விக்டோரியா பாலம் 1900இல் முடிக்கப்பட்ட ரயில் பாலம். இப்போது புதிய பாலத்தில் ரயில் போவதால் பழைய பாலத்தை ஒட்டிய நடைபாதையில் ஆற்றைக் கடந்து நடக்கலாம்.

ஒரு முழு நாள் இருந்தால் பத்து காஜா பக்கம் உள்ள கெல்லி கோட்டையைத் தேர்ந்தெடுங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1926இல் இறந்துபோனதால் மாளிகை முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. எல்லாரும் மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அருகிலிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். கட்டுமானத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களை நோய் வாட்டியபோது அவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கக் கட்டப்பட்ட கோயில் அது. அதன் கூரைமேல் தெய்வத் திருவுருவங்களோடு கெல்லியின் உருவமும் நிற்கிறது. வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த இடம். பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பேராக் மனிதனின் எலும்புக்கூடு அங்கே கிடைத்தது. போய்வர நேரமாகும் என்பதால் மாநாட்டு நாளில் அதைத் திட்டமிட வேண்டாம்.

திரும்பும் வழியில்

தெற்கே திரும்புகிறவர்கள் ஈப்போவின் புந்தோங்கில் நின்று கச்சாங் பூத்தே வாங்கிச் செல்லுங்கள். முறுக்கு, பக்கோடா, கடலை, ஓமப்பொடி எனப் பல வகையையும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்து வருகின்றன. சுவைத்துப் பார்த்து வாங்கலாம், காற்றுப் புகாமல் கட்டச் சொன்னால் ஊர்வரை மொறுமொறுப்பாக இருக்கும்.

வடக்கே திரும்புகிறவர்கள் கோலகங்சார் டோல் சாவடிக்குப் போவதற்கு முன், மாவட்ட அலுவலகத்தின் அருகே சாலையோரத்தில் வேலியிட்டு நிற்கும் ஒரு மரத்தைப் பாருங்கள். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளுள் எஞ்சி நிற்பது அது. எதிரே காரை நிறுத்தச் சிறிது இடம் உண்டு. ஐந்து நிமிடம் போதும். உடன் வந்த பிள்ளைகளை இறக்கிக் கூட்டிப் போய், நம் முன்னோரைக் கப்பலேற்றி இந்த நாட்டுக்கு வரவழைத்த மரம் இதுதான் என்று காட்டுங்கள்.